வாரத்தில் எட்டு மணி நேரம்

நெருக்கடி நிலையின்போது சண்டிகரில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1975 நவம்பரில் வெளியே வந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டிருந்தன. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கியது. இயந்திரம் வாங்குவதற்குப் பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து வந்த பணத்தை ஜே.பி. ஏற்க மறுத்தார், மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக நன்கொடை கொடுத்தார்கள். அதன் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். 1977 தேர்தல், ஜனதா ஆட்சியின் பிறப்பு, அதன் சரிவு என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1979 அக்டோபர் 8 அன்று பாட்னாவில் காலமானார். எழுபதுகளின் இந்திய அரசியலில் டயாலிசிஸ் இயந்திரத்துக்கும் ஒரு சிறிய பங்கு உண்டு.

அந்த நாட்களில் அது அபூர்வமான சிகிச்சை. பம்பாய், டெல்லி, வேலூர் போன்ற ஒரு சில ஊர்களில் ஒரு சில மருத்துவமனைகளில்தான் கிடைத்தது. 1984-ல் எம்.ஜி.ஆரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தபோது அவர் நியூயார்க்வரை போக வேண்டியிருந்தது. தலைவர்களுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சிறுநீரகம் போனால் ஆள் போனார் என்பதுதான் ஊர் அறிந்த வைத்தியம்.

இன்று நிலைமை அப்படி இல்லை. 2016 பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி தன் பட்ஜெட் உரையில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் டயாலிசிஸ், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம், தனியார் பங்களிப்புடன் நடத்துவது, கருவிகளின் சில பாகங்களுக்குச் சுங்க வரி விலக்கு. அதே ஆண்டு நவம்பரில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், தான் சிறுநீரகச் செயலிழப்பால் எய்ம்ஸில் இருப்பதாகவும் டயாலிசிஸ் நடப்பதாகவும் ட்விட்டரில் தெரிவித்தார். 2018-ல் ஜேட்லிக்கே அது தேவைப்பட்டது. இருவருக்கும் எய்ம்ஸில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இந்த நோய் வாசல் பார்த்து வருவதில்லை.

திட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025-ன் நடுவில் அது எல்லா மாநிலங்களிலும், 750 மாவட்டங்களில், சுமார் 1,700 மையங்களில் நடந்துகொண்டிருந்தது. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் மக்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் சிகிச்சைகளில் டயாலிசிஸும் ஒன்று. அரசுத் திட்டங்களில் இவ்வளவு வேகமாக ஜில்லா அளவுக்கு இறங்கிய உயர் சிகிச்சை வேறு இருப்பதாகத் தெரியவில்லை. டெல்லியில் குருத்வாரா கமிட்டி 2021-ல் நூறு படுக்கைகளோடு ஒரு இலவச டயாலிசிஸ் மருத்துவமனையைத் திறந்தது. அங்கே பில் போடும் கவுன்ட்டரே கிடையாது. கேரளத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பணம் காருண்யா நிதி வழியாக டயாலிசிஸுக்குப் போயிருக்கிறது. ஆக, இயந்திரங்கள் வந்துவிட்டன.

சிக்கல் ஜேட்லியின் அந்த உரையிலேயே ஒளிந்திருக்கிறது. ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக இறுதிக்கட்டச் சிறுநீரக நோய்க்கு ஆளாகிறார்கள். அதனால் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது என்றார் அவர். ஒரு முறைக்கு ரூ. 2,000, ஆண்டுக்கு ஒருவருக்கு ரூ. 3 லட்சத்துக்கு மேல். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.4 கோடியை 2.2 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 155 வருகிறது. ஆண்டுக்கு 52 வாரங்கள். அதாவது வாரத்துக்கு மூன்று முறை. ரூ. 3 லட்சம் என்ற செலவும் அதே கணக்கில்தான் வருகிறது.

உலகெங்கும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக்கொடுப்பது அதுதான்: வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆனால் இந்தியாவின் டயாலிசிஸ் மையங்களில் பெரும்பாலான நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு முறைதான் வருகிறார்கள். ஒரே முறை வருகிறவர்களும் இருக்கிறார்கள். மூச்சு முட்டும்போது மட்டும் வருகிறவர்களும் உண்டு. பட்ஜெட் கணக்கு மூன்று என்று சொல்கிறது, படுக்கைக் கணக்கு இரண்டு என்று சொல்கிறது. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று நாடாளுமன்றத்தில் பெரிதாக யாரும் கேட்டதாக நினைவில்லை.

வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். நல்ல சிறுநீரகங்கள் அத்தனை மணி நேரமும் வேலை செய்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்த வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்வதே அரைகுறை. எட்டு மணி நேரத்தில் செய்யச் சொன்னால்? இடைப்பட்ட நாட்களில் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்குகிறது. கால் வீங்குகிறது, பிறகு நுரையீரலில் நீர் கோக்கிறது. பொட்டாசியம் ஏறுகிறது; அது ஒரு அளவைத் தாண்டினால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகும். இளநீரும் வாழைப்பழமும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

2011-ல் அமெரிக்காவில் 32,000 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு வார இறுதியில் மட்டும் ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விழும். வெள்ளிக்கிழமை முடித்தால் அடுத்தது திங்கள்கிழமை. அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் மரணங்களும் மாரடைப்பும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று அந்த ஆய்வு கண்டது. வாரத்துக்கு இரண்டு முறை வருகிற இந்திய நோயாளிக்கு ஒரு இடைவெளி மூன்று நாள், இன்னொன்று நான்கு நாள். அமெரிக்கர்கள் அபாயம் என்று குறித்துவைத்த இடைவெளி இங்கே இரண்டில் குறைந்த இடைவெளி.

இதை எழுதும்போது ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் இன்னும் ஓரளவு வெளியேறுகிற நோயாளிகளுக்கு ஆரம்பத்தில் இரண்டு முறையே போதும் என்று கருதும் மருத்துவர்கள் உண்டு, அதில் அர்த்தமும் உண்டு. ஆனால் அது சோதித்துப் பார்த்து, அளந்து, மாதாமாதம் கவனித்து எடுக்க வேண்டிய முடிவு. நம் ஊரில் அந்த முடிவைப் பஸ் எடுக்கிறது.

மாவட்டத் தலைநகரிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். காலை ஷிஃப்டுக்கு வர வேண்டுமானால் இருட்டோடு கிளம்ப வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும், ஏனென்றால் முடிந்து எழுந்திருக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வீடு சேர மாலையாகிவிடும். இரண்டு பேரின் அன்றைய கூலி போயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் நான்கு கூலி. மூன்றாவது நாளும் இலவசம்தான், வந்து போங்கள் என்று சொன்னாலும் அந்தக் குடும்பம் கை கூப்பி வேண்டாம் என்கும்.

மருத்துவமனையின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து இயந்திரங்கள், நாளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள். மொத்தம் 90 இடம். இரண்டு முறை என்றால் 45 பேரைக் காப்பாற்றலாம், மூன்று முறை என்றால் 30 பேரை. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர் 15 பேரின் முகத்தைப் பார்த்து இடமில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார். ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அறுபதுகளின் ஆரம்பத்தில் இயந்திரங்கள் குறைவாக இருந்தபோது, யாருக்குச் சிகிச்சை என்று தீர்மானிக்க ஊர்ப் பிரமுகர்கள் ஏழு பேரைக் கொண்ட ஒரு கமிட்டியே இருந்தது. அதைக் கடவுள் கமிட்டி என்று கேலி செய்தார்கள். 1972-ல் அமெரிக்க அரசு ஏறத்தாழ எல்லோருக்கும் செலவை ஏற்றதும் கமிட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நம்மிடம் கமிட்டி இல்லை. ஷிஃப்ட் அட்டவணை இருக்கிறது.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் இலவசமாகக் கிடைப்பது அந்த நான்கு மணி நேரம். ரத்தசோகைக்கான எரித்ரோபாய்டின் ஊசி, இரும்புச் சத்து ஊசி, ரத்தப் பரிசோதனை, கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை, போக்குவரத்து ஆகியவை அந்தந்த மாநிலத்தையும் மையத்தையும் பொறுத்தவை. கேரளத்தில் டயாலிசிஸுக்கு அரசு உதவி பெறுவது மற்ற இடங்களைவிட எளிது. அங்கேயே 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பது குடும்பங்கள் தாங்க முடியாத செலவில் மூழ்கியிருந்தன. கடன், நகை, நிலம் என்று ஏதாவது ஒன்று போயிருந்தது. பீகாரிலோ ஒடிசாவிலோ என்ன நிலைமை இருக்கும் என்று ஊகிக்கலாம்.

சங்கிலி எவ்வளவு மெல்லியது என்று 2020 மார்ச்சில் நாடே பார்த்தது. ஊரடங்கு அறிவித்ததும் பஸ் நின்றது. பெரிய மருத்துவமனைகள் பத்தொன்பதில் எடுத்த கணக்கின்படி, டயாலிசிஸ் நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் குறைந்தது ஒரு முறையாவது சிகிச்சையைத் தவறவிட்டார்கள். ஒரு பகுதியினர் அதன் பிறகு மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. இது பெரிய மருத்துவமனைகளின் கதை.

சரி, டயாலிசிஸ் தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து உயிரோடிருக்கிறார்கள்? நாடு முழுவதற்கும் இதற்குப் பதில் கிடையாது. கிடைக்கும் துண்டுத் தகவல்களில் ஒன்று மிகவும் யோசிக்க வைப்பது. ஒரு தனியார் டயாலிசிஸ் நிறுவனத்தின் 193 மையங்களில் 2014 முதல் 2019 வரை சேர்ந்த 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். ஆறு மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஒரு மையத்தில் 97 சதவிகிதம், இன்னொன்றில் 83 சதவிகிதம். நோயாளிகளின் வயது, மற்ற நோய்கள் போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. கிராமப்புற மையங்களில் மரண வாய்ப்பு நகரத்தைவிட அதிகம். ஒரே நிறுவனம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே மாதிரி இயந்திரம். ஒரு இடத்தில் நூற்றுக்கு மூன்று பேர் போகிறார்கள், ஒரு இடத்தில் பதினேழு பேர்.

வித்தியாசம் எதில் இருக்கலாம் என்று டயாலிசிஸ் பிரிவுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் இருக்கிறாரா, சிறுநீரக மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறார், கழுத்தில் செருகிய தற்காலிகக் குழாயோடு மாதக்கணக்கில் விடுகிறார்களா அல்லது ஃபிஸ்டுலா போடுகிறார்களா, தண்ணீர் எப்படி இருக்கிறது. தண்ணீர் சாதாரண விஷயமல்ல. ஒரு முறை டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் நோயாளியின் ரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில் ஓடுகிறது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த நீர் பாசி நச்சோடு இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். நம் மையங்களின் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

இங்கே ஒரு கசப்பான விஷயம். டயாலிசிஸ் மையத்தில் ஒரு நோயாளி இறந்தால் அந்த மையத்தின் கணக்கில் எதுவும் குறைவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குத் தொலைபேசி போகும், இரண்டொரு நாளில் அந்தப் படுக்கை நிரம்பும். மாதக் கடைசியில் நடந்த டயாலிசிஸ் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒரே ஆள் ஐந்து ஆண்டு வாழ்ந்தாலும், ஐந்து பேர் ஆளுக்கு ஓராண்டு வாழ்ந்து போனாலும் எண் ஒன்றுதான். சொல்லப்போனால் பயனடைந்தோர் எண்ணிக்கை இரண்டாவது கணக்கில் ஐந்து மடங்கு. தனியார் நிறுவனங்களுக்கு அரசு பணம் தருவதும் ஒரு முறைக்கு இவ்வளவு என்றுதான். இதில் யாரும் தவறு செய்யவில்லை. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் கூட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1977 முதல் தங்கள் டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவேட்டை வைத்திருக்கின்றன. அமெரிக்கா 1988 முதல். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அச்சிடுகிறார்கள். இந்தியாவில் சிறுநீரக மருத்துவர்கள் தாங்களாகவே முன்வந்து ஒரு பதிவேட்டை நடத்தினார்கள். 52,000 நோயாளிகளைப் பற்றிய அதன் அறிக்கை 2012-ல் வெளியானது. அதில் 31 சதவிகிதத்தினருக்கு நோயின் மூலம் சர்க்கரை வியாதி. 16 சதவிகிதத்தினருக்குக் காரணமே தெரியவில்லை. மருத்துவரிடம் வந்தபோதே இறுதிக்கட்டத்தில் இருந்தவர்கள் 48 சதவிகிதம். அதாவது பாதிப் பேர் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கிற முதல் நாளே டயாலிசிஸ் வாசலில் நிற்கிறார்கள்.

காரணம் தெரியாத அந்த 16 சதவிகிதத்தைப் புரிந்துகொள்ள ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள உத்தானம் பகுதிக்குப் போக வேண்டும். முந்திரியும் தென்னையும் செழித்த கடலோர பூமி. தொண்ணூறுகளிலிருந்தே அங்கே சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயக் கூலிகள் சிறுநீரகம் கெட்டு இறந்துகொண்டிருக்கிறார்கள். காரணம் இன்னும் பிடிபடவில்லை. முதலில் டயாலிசிஸ் மையங்கள் வந்தன. பிறகு 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக மருத்துவமனையும், வம்சதாரா ஆற்று நீரைக் கொண்டுவரும் ரூ. 700 கோடித் திட்டமும் திறக்கப்பட்டன.

இன்னொரு வழியும் இருக்கிறது. பம்பாயில் ஜே.பி.க்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவரான டாக்டர் எம்.கே. மணி பின்னர் சென்னைக்கு வந்தார். நாடு முழுவதற்கும் டயாலிசிஸ் கொடுத்து நமக்குக் கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாகச் சொன்ன சிறுநீரக மருத்துவர் அவர். தொண்ணூறுகளில் சென்னைக்கு அருகே கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை வீடு வீடாக அனுப்பி, சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்து, பழைய மலிவான மாத்திரைகளாலேயே சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். செலவு தலைக்கு ஆண்டுக்குச் சில ரூபாய்தான். ரிப்பன் வெட்டித் திறக்க அதில் எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ, அது போதுமான அளவுக்குப் பரவவில்லை. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்துகொள்ளும் டயாலிசிஸும் அப்படித்தான். மலைப்பகுதிக்கும் தூரத்துக் கிராமத்துக்கும் பொருத்தமானது. 2019-ல் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டும் மூலையில் கிடக்கிறது. மாற்றுச் சிறுநீரகமோ 2023-ல் நாடு முழுவதும் 13,000 பேருக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. 2.2 லட்சத்துக்கு எதிரே அதை வைத்துப் பாருங்கள்.

எனவே இன்னும் நெடுங்காலத்துக்குப் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படுக்கைதான் கதி. மத்திய அரசு ஒரே நாடு, ஒரே டயாலிசிஸ் என்ற பெயரில் ஒரு கணினித் தளத்தை உருவாக்கியிருக்கிறது. நோயாளி தன் சுகாதார அடையாள எண்ணைக் காட்டி நாட்டின் எந்த மையத்திலும் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்பது நோக்கம். சூரத்தில் வேலை செய்கிற ஒடிசாக்காரருக்கும் டெல்லியில் கல்யாணத்துக்குப் போகிற தமிழருக்கும் நல்ல செய்திதான். ஆனால் அந்த எண்ணுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு எத்தனை முறை வந்தார், எப்போது வருவதை நிறுத்தினார், நிறுத்தியது மாற்றுச் சிறுநீரகம் கிடைத்ததாலா, வேறு ஊருக்குப் போனதாலா, இறந்ததாலா என்று அது சொல்லும். மாவட்டவாரியாக ஆண்டுக்கு ஒரு முறை அதை வெளியிட்டால் போதும். மாநிலங்கள் தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மேஜையில் இயந்திரங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலும் இருக்க வேண்டும். 83 சதவிகித மையம் எது என்று அந்த ஜில்லா கலெக்டருக்காவது தெரிந்திருக்கும்.